சீட்டு வாங்கப் புறப்படும் முன்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டிருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே உங்கள் செல்போன் அடிக்க ஆரம்பித்திருக்கும். "சார், பையன் மார்க் எவ்வளவு? எங்க காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் நாலு சீட்தான் பாக்கி. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்" என்று ஒரு குரல் பேசியிருக்கும். பேசியவர் பெரும்பாலும் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துபவராகத்தான் இருப்பார். இத்தனை பேரைச் சேர்த்துவிட்டுத்தான் ஜூன் மாதம் உள்ளே வர வேண்டும் என்று நிர்வாகம் அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் பிழைப்பு அப்படி. போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இன்ஜினியரிங் படிச்சவன்தான் இப்ப வீடு வீடா பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கறான், காசைக் கரியாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை.

நான் ஓசூர்ப் பக்கம் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் நாலைந்து வருடம் கழித்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரும் மேஜைக்கு எதிர்ப்பக்கம் என் நாற்காலி. லேமினேட் செய்த சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, யாரை எந்த இடத்தில் வைப்பது என்று எழுதுவது என் வேலை. எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. நான் சொல்வதைக் கேட்க உங்களுக்கு வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை.

டிகிரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டும். நிலம், கடை, தறி என்று பிள்ளைக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லாத வீடென்றால் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கடன் வாங்கிக் கண்ட இடத்தில் வாங்க வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவாக இருப்பதால்தான் இந்த மடல்.

எங்கள் டூல் ரூமில் ஒருவர் இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். பிரஸ்ஸிலிருந்து விழும் பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, டையில் எந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெஷின் சத்தம் மாறினால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். ஜி.இ.டி. என்று நாங்கள் சொல்லும் பட்டதாரிப் பயிலுநர்கள் ஒவ்வொரு வருடமும் வருவார்கள். அவர்களை முதல் ஆறு மாதம் இவரிடம்தான் விடுவோம். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார். சில வருடங்களில் அந்தப் பையன்களில் ஒருவன் அவருக்கே மேலாளர் ஆகி, அவருடைய லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவான். "நம்ம பையன்தானே தம்பி" என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரை உதவி மேலாளராக்கலாம் என்று நானே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் டிப்ளமோவோ டிகிரியோ இல்லை என்று சொல்லி அது திரும்பி வந்தது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தக் கட்டம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

டிகிரி அறிவைத் தருகிறதா என்பது ஒரு பேச்சு. அது கதவைத் திறக்கிறதா என்பது வேறு பேச்சு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் முதலில் முக்கியம். அரசு வேலைக்கான குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத டிகிரி வேண்டும். வங்கியில் அதிகாரி வேலையை விடுங்கள், கிளார்க் தேர்வுக்கே டிகிரி கேட்கிறார்கள். டிகிரி கேட்காத குரூப் 4-க்கு என்ன நெரிசல் என்று உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பு போதும் என்ற அந்தத் தேர்வுக்கு 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். அதில் பி.இ.யும் எம்.ஏ.வும் முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். பத்தாவது மட்டும் படித்தவனுக்காகப் போட்ட பந்தியில் பட்டதாரி முதலில் உட்கார்ந்துகொள்கிறான். டிகிரி இல்லாதவனுக்கு அவன் இடமே போய்விடுகிறது.

வெளிநாடு என்றாலும் இதே கதைதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் சிங்கப்பூர்க் கதை தெரியாத வீடு இருக்காது. வொர்க் பெர்மிட்டில் போகிறவர் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குடியிருக்க முடியாது. வருடக்கணக்கில் டார்மிட்டரியில் கிடந்து, வீடியோ காலில் பிள்ளை வளர்வதைப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு மேல் எஸ் பாஸ், அதற்கும் மேல் எம்ப்ளாய்மென்ட் பாஸ். அவர்களில் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலரைத் தொட்டவர்கள்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவர்களுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் படிப்புக்கென்று தனி மதிப்பெண். அமெரிக்காவுக்கு எச்1பி விசாவில் போகவும் குறைந்தது இளநிலைப் பட்டமோ அதற்குச் சமமானதோ வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஒரே விமானத்தில் போகும் இரண்டு பேரில் ஒருவன் மனைவியோடும் இன்னொருவன் பங்க் கட்டிலிலும் தூங்குவதை ஒரு காகிதம் தீர்மானிக்கிறது.

பெண் பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் அரசே ஒரு காலத்தில் பெண்ணின் டிகிரிக்கு விலை போட்டிருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், டிகிரியோ டிப்ளமோவோ முடித்த பெண்ணுக்கு 50,000, கூடவே தாலிக்குத் தங்கம். கல்யாணத்துக்காகவாவது படிக்கவைக்கட்டும் என்ற எண்ணம். 2022-ல் அந்தத் திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே போடும் புதுமைப்பெண் திட்டமாக்கினார்கள். 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று அதேபோல் வருகிறது. என்னிடம் வேலைக்கு வரும் பெண்களைப் பார்த்துச் சொல்கிறேன். கல்லூரியில் கழியும் அந்த மூன்று வருடத்தில் அவளுக்குக் கிடைப்பது பாடம் மட்டுமில்லை. தனியாக பஸ் ஏறவும், பேங்கில் படிவம் நிரப்பவும், முன்பின் தெரியாத ஆளிடம் நிமிர்ந்து பேசவும், "இப்ப கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லவும் அவளுக்கு அப்போதுதான் வாய்க்கிறது. பெண்ணைப் படிக்கவைப்பது வீண் செலவு என்று யார் சொன்னாலும் அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட இந்திய உழைப்பாளர் நிலை அறிக்கையின்படி, 25 வயதுக்குக் கீழுள்ள பட்டதாரிகளிடம் வேலையின்மை 42 சதவீதத்துக்கு மேல். பார்த்ததும் பகீரென்கிறது. ஆனால் அதே அறிக்கையில் 35 வயது தாண்டிய பட்டதாரிகளிடம் வேலையின்மை 5 சதவீதத்துக்கும் கீழே. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். படித்தவனுக்கு வேலை கிடைக்கத்தான் செய்கிறது. தாமதமாகக் கிடைக்கிறது. பலருக்கு நினைத்த வேலை கிடைக்காமல் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள நேர்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அந்தத் தாமதத்தை யார் தாங்குவது? வசதியான வீட்டுப் பையன் மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பான், இல்லையென்றால் மேல்படிப்புக்குப் போவான். உங்கள் பையனுக்கு அந்த மூன்று வருடம் கிடைக்காது. அவன் தலைமேல் கடன் நிற்கும். டிகிரியின் பலன் மெல்லத்தான் வரும், தவணை மாதம் தவறாமல் வந்து நிற்கும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் நடந்தவை.

ஒரு கணக்குப் போடுவோம். வருடம் ஒரு லட்சம் வீதம் நாலு வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் ரூபாய்க் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் கட்ட வேண்டாம் என்பார்கள். கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடாமல் இல்லை. முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, கடைசி வருடம் வாங்கியதற்கு இரண்டு வருட வட்டி. தனிவட்டியாகவே போட்டாலும் மொத்தம் 1,40,000 ஏறியிருக்கும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். பெரிய பெயர் இல்லாத கல்லூரியிலிருந்து வரும் மெக்கானிக்கல் பட்டதாரிக்குத் தொடக்கத்தில் கைக்கு வருவது 15,000, 18,000 என்றுதான் இருக்கும். அதில் ரூம் வாடகை, மெஸ், பஸ். மிச்சத்தில் 7,100 போனால் அம்மாவுக்கு அனுப்ப என்ன இருக்கும்? கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. தவணை நின்றால் பையனுடைய சிபில் மட்டுமல்ல, அப்பாவுடையதும் சேர்ந்து விழும். அடுத்து அவர் மாட்டுக் கடனுக்குப் போய் நின்றாலும் கணினியில் சிவப்பாகக் காட்டும். தள்ளுபடி வரும் என்று யாராவது சொன்னால், வரும்வரை கட்டிக்கொண்டே இருங்கள்.

சமீபத்தில் ஆபரேட்டர் வேலைக்கு ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் கொண்டுவந்திருந்தான். நாலு வருடம் என்ன செய்தாய் என்றேன். "அப்பாகூட விவசாயம் பார்த்தேன் சார்." ஒரு வரைபடத்தை நீட்டி, இது என்ன பாகம் தெரிகிறதா என்று சும்மாதான் கேட்டேன். காகிதத்தை வாங்கி நேராகத் திருப்பிப் பிடித்து, "ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜக்ஷன் சார், ஸ்டெப்டு ஷாஃப்ட்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். விவசாயம் பார்த்தவன் வாயில் வருகிற வார்த்தையா அது? பி.இ. முடித்திருக்கிறான். "டிகிரி இருக்குன்னு சொன்னா ஓவர் குவாலிஃபைடுன்னு அனுப்பிடறாங்க சார். பேங்க்ல இருந்து வீட்டுக்கு லெட்டர் வந்துட்டே இருக்கு" என்றான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போடும் இரண்டு எழுத்தை அவன் வீட்டுப் பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தான். உண்மையை விண்ணப்பத்தில் எழுதவைத்து அவனை எடுத்துக்கொண்டோம். ஆனால் அப்படி வாசலிலிருந்தே திரும்பிப் போகிறவர்கள் ஏராளம்.

அவனாவது விஷயம் தெரிந்த பையன். மேஜைமேல் நான் ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு புஷ்ஷும் வைத்திருப்பேன். விட்டம் அளந்து சொல்லச் சொல்வேன். மெயின் ஸ்கேலைப் படித்து, வெர்னியர் ஸ்கேலில் எந்தக் கோடு நேராக நிற்கிறது என்று பார்த்துக் கூட்ட வேண்டும். அரை நிமிட வேலை. ஐ.டி.ஐ. பையன் பேசிக்கொண்டே அளந்துவிடுவான். மெக்கானிக்கல் பட்டதாரி சிலர் அதைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். காலேஜில் செய்ததில்லையா என்று கேட்டால், "லேப்ல நல்லா இருந்தது ஒண்ணுதான் சார், ரெக்கார்டு நோட்டு சீனியர்கிட்ட வாங்கி எழுதிட்டோம்" என்பார்கள். பையனைத் திட்ட எனக்கு வாய் வராது. நாலு வருடம் கட்டணம் வாங்கியவர்கள் அவன் கையில் ஒரு வெர்னியரைக் கொடுக்கவில்லை.

இது ஏதோ ஓரிரண்டு கல்லூரி விஷயம் என்று நினைக்காதீர்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. ஒரு கட்டத்தில் ஐந்நூறுக்கும் மேல் போனது. அதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று லட்சக்கணக்கான பேர் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருப்பதும், நாட்டின் சராசரி 28-ஐ ஒட்டி நிற்பதும் 2021-22 கணக்கு. பெருமைப்படத் தகுந்த விஷயம். ஆனால் கட்டடம் எழுந்த வேகத்துக்கு வாத்தியார்கள் கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது, 224 கல்லூரிகள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் மட்டும் இருக்கும் வாத்தியாருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. 2024-25-லிருந்து நல்ல மதிப்பீடு பெற்ற கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல் வகுப்புகளை மூடிவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், அதிலேயே ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று பலகை மாட்டுகிறார்கள். மறுபக்கம், பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுக்கும் வருடச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பிள்ளைக்கு அதில் விருப்பமும் கையும் இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். பெயருக்காகச் சேர்க்காதீர்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஜி.டி.நாயுடுவை இழுப்பார். பள்ளிக்கூடமே ஒழுங்காகப் போகாதவர் கோவையில் மோட்டார் செய்யவில்லையா என்று. செய்தார். அதே நாயுடுதான் 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி வர முன்னின்றவர், அதன் முதல் முதல்வராகவும் இருந்தவர். நாலு வருடப் பாடத்தை இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஏன் பிள்ளைகளின் காலத்தை வீணாக்குகிறீர்கள் என்பதுதான் அரசோடு அவருக்கு வந்த சண்டை. படிப்பே வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்புவின் பெயரையும் சொல்வார்கள். ஜோஹோவில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து, டிகிரி கேட்காமல் வேலையும் தருகிறார்கள். அருமையான ஏற்பாடு, என் மனமார்ந்த மரியாதை உண்டு. ஆனால் அங்கே இடம் கிடைப்பது சிலருக்குத்தான். வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிறகு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வரையிலும் படித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட கையோடு வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கவும் வழி செய்துகொடுக்கிறது. டிகிரி இல்லாமல் ஆள் எடுக்கும் நிறுவனமே அவனை டிகிரி வாங்கவைக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

யூடியூபில் டிகிரி வேஸ்ட் என்று பேசும் தம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவர்களே பட்டதாரிகள்.

சரி, கடன் இல்லாமல் டிகிரி எப்படி வாங்குவது? வழி இருக்கிறது, கௌரவம்தான் குறுக்கே நிற்கிறது. அரசுக் கலைக்கல்லூரியில் வருடச் செலவு சில ஆயிரம்தான். பி.காம். படித்துவிட்டு டேலியும் ஜி.எஸ்.டி.யும் கையோடு கற்றுக்கொண்டு வருகிற பெண்ணை எங்கள் கணக்குப் பிரிவில் உடனே எடுத்துக்கொள்வோம். தெரியாத தனியார் கல்லூரியின் பி.இ.யைவிட அந்த பி.காம். எனக்குக் கனமான சான்றிதழ். அக்கம்பக்கத்தில் "பையன் இன்ஜினியரிங்" என்று சொல்ல முடியாதே என்பதுதான் உங்கள் கவலை என்றால், அந்த ஒரு வார்த்தைக்காக நாலைந்து லட்சம் அதிகம்.

இயந்திரத்தில் ஆசையுள்ள பிள்ளைக்கு அரசு பாலிடெக்னிக். பிளஸ் டூ முடித்தவன் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ. அதற்குப் பிறகு வேலைக்கும் போகலாம், லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பி.இ. வரை போனால் மொத்தத்தில் ஒரு வருடம் கூடத்தான் ஆகும். ஆனால் நடுவில் இறங்கிக்கொள்ள ஒரு படி இருக்கிறது. பணமுடை வந்தால் டிப்ளமோவோடு நின்று, சம்பாதித்து, பிறகு தொடரலாம். பி.இ.யில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவன் கையில் ஒன்றும் இருக்காது, அரியர் பட்டியலைத் தவிர. அப்படி டிப்ளமோ வழியாக வந்த பட்டதாரிகள் எங்கள் ஷாப் ஃப்ளோரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஐ.டி.ஐ.யைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து ரோபோவும் நவீன சி.என்.சி.யும் வைத்திருக்கிறார்கள். பல கல்லூரி லேபில் இல்லாத இயந்திரம் அங்கே இருக்கிறது. ஆனால் ஐ.டி.ஐ.யோடு நின்றுவிட வேண்டாம், எங்கள் டூல் ரூம்காரர் கதையை மேலே சொன்னேன். வேலையில் சேர்ந்தபின் திறந்தநிலையிலோ பகுதிநேரமாகவோ மேலே படிக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஜே.இ.இ. எழுதாமல், அவர்களே நடத்தும் தகுதிச்சுற்றில் தேறிச் சேரலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் இளைய பிள்ளை பத்தாவதோடு ஐ.டி.ஐ. போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பிளஸ் டூ நிலையை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய டிகிரி தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. வரிசை மாறாமல் படிக்கவையுங்கள்.

பொறியியல்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அரசுப் பள்ளிப் பிள்ளையென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகப் போகட்டும். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். முதல் பட்டதாரிச் சலுகை 2010-லிருந்து இருக்கிறது, இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இவையெல்லாம் இருக்கும்போதும் "கலந்தாய்வெல்லாம் எதுக்கு சார், நேரா வாங்க" என்று அழைக்கும் ஏஜெண்டை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டும் வீடுகளை வருடா வருடம் பார்க்கிறேன். அவர் உங்களைக் கலந்தாய்விலிருந்து விலக்கி வைப்பதற்குத்தான் கமிஷன் வாங்குகிறார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களைப் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவம்தோறும் வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. பிள்ளையை விட்டுத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. தேர்வு எழுதியவர்களில் கால்வாசிகூடத் தேறாத கல்லூரிகள் அந்தப் பட்டியலின் அடியில் இருக்கும். போன் செய்து அட்வான்ஸ் கேட்ட கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன வேலை, மாதம் கைக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கால் சென்டருக்கும் டெலிவரி கம்பெனிக்கும் அனுப்பிவிட்டு அதையும் பிளேஸ்மென்டில் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். எங்கள் ஆலைக்கே வந்து, பயிற்சிக்காக எடுத்த பிள்ளைகளை வேலையில் சேர்த்ததாகக் கடிதம் கேட்டவர்கள் உண்டு. நாங்கள் கொடுக்கவில்லை.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதினேழு வயதில் அவனுக்கு என்ன தெரியும் என்பீர்கள். எதில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான் என்பது அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது போதும்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் "சீட் பிளாக் பண்ண" என்று கேட்டால் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டின் உத்தரவு. பணம் கட்டும் முன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். அலுவலகத்துக்குள் நுழையாமல் வாசல் டீக்கடையில் நில்லுங்கள். மூன்றாம் வருடம் படிக்கும் பையன் ஒருவனிடம், உனக்கு எத்தனை வாத்தியார், லேப் எத்தனை நாள் திறக்கிறார்கள், உன் சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்ட பிறகு பணப்பையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவிலிருந்து ஒருவன்